அடைக்கலம் தந்த பின்னர்

(அறக்கட்டளையின் விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது இவ்வவைக்குப் புதிதன்று. பசித்தவர் உண்டு எழுந்ததும் உணவுக்கொடை நிறைவெய்தும். நோய் தீர்ந்ததும் மருந்துக்கொடை நிறைவெய்தும். அடைக்கலம் என்பது எந்த நாளில் நிறைவெய்துகிறது? ஆதரவற்ற பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்த நாளிலா, அப்பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பி வாயிற்கதவு அடைக்கப்பட்ட நாளிலா? அநாதைப் பிள்ளைகளுக்கென அயல்நாடுகளில் தொண்டு நிறுவனங்கள் நடத்தியோர் பலர், இவ்வினாவுக்கு விடை காணப் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டனர். அவர்கள் கற்றதில் பெரும்பகுதி ருமேனியா நாட்டில் கற்றது.

ஐரோப்பாவின் தென்கிழக்கில் உள்ள அந்நாட்டை 1965 முதல் நிக்கோலாய் சௌசெஸ்கு ஆண்டார். மக்கள்தொகை பெருகினால் நாட்டின் வலிமையும் பெருகும் எனக் கருதிய அவரது அரசு, 1966இல் 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்துக் கருக்கலைப்புக்குத் தடை விதித்தது. கருத்தடைச் சாதனங்களும் எளிதிற் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பிறந்தனர், வளர்க்கும் வகைதான் பல குடும்பங்களில் இல்லை. வீட்டினும் அரசின் இல்லமே நன்கு வளர்க்கும் என்ற எண்ணமும் பரப்பப்பட்டது. 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்து, வெளிநாட்டுச் செய்தியாளர்கள் உள்ளே சென்றபோது, ஒரு லட்சத்துக்குக் குறையாத பிள்ளைகள் அரசு இல்லங்களில் இருந்தனர். அநாதை இல்லம் என்பதுதான் பெயர். ஆனால் அங்கிருந்தோரில் பெரும்பாலோர்க்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். இந்த ஒரு செய்தியை ஊன்றி நோக்கினால், பின்னால் வரும் அனைத்தும் விளங்கும்.

அவ்வில்லங்கள் இயங்கிய முறையைச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். மூன்று வயது வரை ஓர் இல்லம். அதன்பின் பள்ளி செல்லும் வயது வரை வேறோர் இல்லம். பின்னர்ப் பதினெட்டு வரை மூன்றாவது இல்லம். வயதை வைத்தே பிள்ளைகள் பிரிக்கப்பட்டமையால், அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை மற்றோர் ஊரிலும் வளர்ந்தனர். தமக்கு உடன்பிறந்தார் உண்டு என்பதையே அறியாது வளர்ந்தோரும் இருந்தனர். உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ளவர் எனக் குறிக்கப்பட்டோர், மக்கள் கண்ணிற் படாத நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். பணிப்பெண் ஒருவர் பொறுப்பில் எத்தனையோ தொட்டில்கள். அழுதால் எடுப்பாரில்லை. அழுது பயனில்லை எனக் கண்ட குழந்தை அழுவதையே விட்டுவிடும். அத்தனை குழந்தைகள் இருந்தும் ஓசையற்றுக் கிடந்த அறைகளைக் கண்டு, வெளியிலிருந்து வந்தோர் திடுக்கிட்டனர்.

சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்னும் அமெரிக்க அறிஞர் மூவர், 2000ஆம் ஆண்டில் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குலுக்கலில் தவறிய பாதிப்பேரை எண்ணும்போது நெஞ்சு உறுத்தத்தான் செய்யும். அன்று அந்நகரில் வளர்ப்புக் குடும்பம் என்னும் ஏற்பாடே அரிதாயிருந்தது என்பதையும், பின்னர் வேறு குடும்பம் கிடைத்த எக்குழந்தையையும் ஆய்வாளர்கள் தடுக்கவில்லை என்பதையும் அவர்கள் சார்பில் கூறலாம். 2007இல் வெளியான முடிவு இது: குடும்பத்திற்குச் சென்ற குழந்தைகளின் அறிவுத்திறன் தெளிவாக உயர்ந்திருந்தது, அதிலும் இரண்டு வயதுக்குள் சென்றவர்களே மிகுதியாகத் தேறினர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பொதுவாக இல்லங்களிற் சேர்க்கலாகாது என ருமேனியா 2004இலேயே சட்டம் இயற்றிவிட்டது.

கைக்குழந்தைகளின் படத்தைக் கண்டு உலகம் இரங்கியது. பதினேழு வயதினரைக் கண்டு அவ்வாறு இரங்கவில்லை. மீசை அரும்பிய இளைஞரின் படத்தை நன்கொடை வேண்டும் துண்டறிக்கையில் யாரும் அச்சிடுவதில்லை. ஆனால் அவருடைய நிலையோ கொடிது. மணி அடித்ததும் உணவு, மணி அடித்ததும் உறக்கம் என வளர்ந்தவர் அவர். கடைக்குச் சென்று காய்கறி வாங்கியறியார். தேநீர் எவ்வாறு தயாராகிறது என்பதை அடுக்களையிற் கண்டறியார். சட்டைப்பையில் ஒரு சாவியை வைத்திருந்ததில்லை. காய்ச்சல் வந்தால் எவரை அழைப்பது என்பதையும் அறியார். இத்தகையவர் பதினெட்டாம் வயதில் தெருவில் வந்து நின்றார். புக்கரெஸ்டின் வடக்கு ரயில் நிலையத்தைச் சுற்றியும், சுடுநீர்க் குழாய்கள் செல்லும் நிலத்தடிச் சுரங்கங்களிலும் வாழ்ந்த இளையோருள் இல்லங்களிலிருந்து வந்தோரும் பலர். குளிர்காலத்தில் அக்குழாய்களின் வெப்பமே அவர்களுக்குப் போர்வை.

இனி, ஒரு தொண்டு நிறுவனத்தின் கதை. மார்க் குக் என்னும் பிரிட்டிஷ் படைத்தலைவர், 1992இல் குரோவேசியாவில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினார். லிபிக் என்னும் சிற்றூரில் போரினால் சிதைந்த ஓர் அநாதை இல்லத்தைக் கண்டு, அதை மீண்டும் கட்டித் தருவதாக வாக்களித்தார். பொருள் திரட்டிக் கட்டியும் தந்தார். 1994இல் அவரும் மனைவி கரோலின் குக்கும் ‘ஹோப் அண்ட் ஹோம்ஸ் ஃபார் சில்ட்ரன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கட்டடம் கட்டுவதில் வெற்றி கண்ட ஒருவர் மேலும் பல கட்டடங்கள் கட்டுவதே இயல்பு. அவர்களோ சரயேவோ முதலிய இடங்களில் பிள்ளைகளிடமே கேட்டனர். பிள்ளைகள் வேண்டியது இல்லம் அன்று, குடும்பம். அந்நிறுவனம் பின்னர் ருமேனியாவின் வடபகுதியான மாராமுரேஷில் இறங்கியபோது, அதன் பணி பெரிய இல்லங்களை ஒவ்வொன்றாக மூடுவதாயிற்று. கட்டத் தொடங்கியவர்களே மூடும் பணியை மேற்கொண்டது சிறு செயலன்று.

மூடுவதென்றால் பூட்டுப் போடுவதன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒரு வழி காண வேண்டும். முதலில் பெற்ற தாயைத் தேடுவர். அவர் வறுமையால் பிரிந்தவராயின், கூரையைச் செப்பனிட்டோ, விறகடுப்பு வாங்கித் தந்தோ, சில மாத வாடகை செலுத்தியோ பிள்ளையை வீடு சேர்ப்பர். அஃது இயலாதபோது பாட்டி, சிற்றன்னை போன்ற உறவினர். அதுவும் இல்லையெனில் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பம். இல்லத்தில் பணிபுரிந்தோருக்கும் மாற்று வேலை வேண்டும். இன்றேல் அவ்வூரே எதிர்த்து நிற்கும். இத்தனையும் நடக்கும் காலம் வரை பழைய இல்லத்தின் செலவும் தொடரும். இரட்டைச் செலவு ஏற்படும் இந்த ஓரிரண்டு ஆண்டுகளைக் கடப்பதே நிறுவனம் நடத்துவோர்க்குப் பெருந்தலைவலி. நன்கொடையாளரோ தம் பெயர் பொறித்த கல்லை எங்கே பதிப்பது என்று கேட்பார். பாட்டியின் வீட்டுக் கூரையில் கல் பதிக்க இயலுமா?

பிள்ளைகளைக் காணச் செல்லும் அன்பர்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பிறந்தநாளன்று ஒருவேளை உணவளித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரின் உள்ளம் நல்லதே. அயல்நாடுகளிலோ இரண்டு வாரம், மூன்று வாரம் எனத் தங்கிக் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டுத் திரும்புவது ஒரு சுற்றுலாவாகவே வளர்ந்துவிட்டது. கம்போடியாவில் பயணிகள் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. பெற்றோர் உள்ள பிள்ளைகளே அவற்றை நிரப்பினர். கொஞ்சியவர் ஒவ்வொருவரும் பிரிந்து செல்ல, ஒட்டுவதும் அறுபடுவதுமாகவே அக்குழந்தையின் நாட்கள் கழிகின்றன.

வயது வந்தோர்க்கென நாடுகள் சில சட்டம் இயற்றியுள்ளன. ரஷ்யாவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம், இல்லங்களில் வளர்ந்தோர்க்கு அரசே குடியிருப்பு தர வேண்டும் என்கிறது. காத்திருப்போர் வரிசைதான் நீண்டுகொண்டே செல்கிறது. ருமேனியாவில் படிப்பைத் தொடர்வோர் 26 வயது வரை பாதுகாப்பில் இருக்கலாம். படிப்பில் பின்தங்கியவரே விரைவில் வெளியேற நேர்வது அச்சட்டத்தின் குறை. தாங்குதல் மிகுதியாக வேண்டியவர் அவரன்றோ! இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், வெளியேறும் ஒவ்வொருவர்க்கும் தனி ஆலோசகர் ஒருவரை அமர்த்தியது. 2017இல் அவ்வுதவி 25 வயது வரை நீட்டிக்கப்பட்டது.

சட்டம் எட்டாத இடத்தில் தொண்டு நிறுவனங்கள் செய்பவை மிக எளியவை. மூன்று நான்கு இளையோர் சேர்ந்து வாழ ஒரு வாடகை வீடு. அங்கே அவர்களே சமைப்பர், மின்கட்டணம் செலுத்துவர், தவறும் செய்வர். முதற்சம்பளத்தை ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டு வந்து நிற்பவரை விரட்டாமல் அமர வைத்துக் கணக்கெழுதக் கற்பிக்கும் ஒரு மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை உணவுக்கு அழைக்கும் ஒரு குடும்பம். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பல் மருத்துவர் போன்ற சிறு சிறு அலைச்சல்களுக்கு உடன் செல்ல ஒருவர்.

பணத்தால் தீராத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளர் பலர், இளைஞர் ஒருவர்க்கு வீடு தருமுன் பிணையாளர் கையொப்பம் கேட்பர். வாடகை தவறினால் தாம் செலுத்துவதாக ஒப்பும் அக்கையொப்பத்தைப் பெரும்பாலும் தந்தையோ தாயோ இடுவர். இல்லத்திலிருந்து வந்தவர்க்கு அங்கே எழுத ஒரு பெயர் இல்லை. அண்மைக் காலத்தில் நகராட்சிகள் சில அப்பொறுப்பை ஏற்கத் தொடங்கியுள்ளன. ஏற்காத ஊர்களில், முன்பணம் கையில் இருந்தும், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை நிரப்ப இயலாமல் அவ்விளைஞர் திரும்பிச் செல்கிறார்.