சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் போதைப் பழக்கத்திற்கு அடிமையாகிக் குற்றவாளிக் கூண்டில் நிற்போரைப் பற்றியது. மங்கல நிகழ்ச்சிகளையும் கோயிற் பணிகளையும் பேசும் இவ்வவையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். இத்தீங்கு இன்று எந்தக் குலத்தையும் எந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. நம் வீடுகளிலும் அஃது இருக்கின்றது. பேசாதிருப்பதனால் அஃது இல்லாமற் போய்விடாது. ஆதலின் பேசத் துணிந்தேன்.

நம் முன்னோர் வாழ்ந்த பதியென்று நாம் போற்றும் காவிரிப்பூம்பட்டினத்தில் நிகழ்ந்ததாகச் சாத்தனார் மணிமேகலையில் ஒரு செய்தியைக் கூறுகின்றார். கையில் அமுதசுரபி ஏந்திய மணிமேகலை சோழ மன்னனது சிறைக்கோட்டத்துட் புகுந்து, பசியால் வாடிய சிறையாளர்க்கு உணவூட்டினாள். அதனை அறிந்து வியந்த மன்னன், அவள் வேண்டுவது யாதென்று கேட்டனன். பொன்னும் பொருளும் வேண்டாது, அச்சிறையையே அறக்கோட்டமாக்கித் தருக என்று அவள் வேண்டினாள், மன்னனும் இசைந்தான். நூலின் 19ஆம் காதைக்குச் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்றே பெயர். காப்பியம் கண்ட இக்கருத்து, ஒரு வகைக் குற்றவாளிகளைப் பொறுத்தமட்டில், நம் காலத்தில் உலகின் பல நாடுகளில் சட்டமாகவே ஆகியிருக்கின்றது. அதனையே இன்று விரித்துரைக்க விரும்புகின்றேன்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். போதைப் பொருளை விற்றுப் பிறர் குடியைக் கெடுப்பவன் ஒருவன். அதனை உண்டு தன்னையே கெடுத்துக்கொள்பவன் மற்றொருவன். முன்னவனுக்குத் தண்டம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பின்னவனைச் சிறையிலிட்டால் விளைவது யாது? சில மாதம் அவன் அடைபட்டிருப்பான். அங்கே பெருங்குற்றம் புரிந்தோருடைய நட்பு அவனுக்கு வாய்க்கும். வெளிவரும்போது கல்வி முறிந்திருக்கும், தொழில் போயிருக்கும், ஊரார் முகங்கொடார். உள்ளிருந்த வேட்கையோ நீங்கியிராது. மீண்டும் அதே பொருள், மீண்டும் அதே சிறை. இச்சுழலை எங்ஙனம் அறுப்பது என்பதே வினா.

அமெரிக்க நாட்டின் மயாமி நகரத்தார் 1989ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை கண்டனர். கோகெய்ன் வழக்குகள் மலிந்து சிறைகள் நிரம்பி வழிந்த காலம் அது. பிடிபடுவோரையே மீண்டும் மீண்டும் பிடித்துச் சலித்த நீதிபதிகளும் அரசு வழக்கறிஞரும் கூடி, போதை வழக்குகளுக்கென ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்தனர். அதன் முதல் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் என்பவர். அம்முறை பரவி, இன்று அந்நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1999இலும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2001இலும் இவ்வகை நீதிமன்றங்கள் தோன்றின.

இந்நீதிமன்றத்தின் நடைமுறை யாதெனின்: வன்செயல் புரிந்தோரைப் பெரும்பாலும் இதிற் சேர்ப்பதில்லை. பழக்கத்தினால் குற்றத்தில் வீழ்ந்தவன், தன் உடன்பாட்டின்பேரில், சிறைக்கு மாற்றாக மருத்துவத்தை ஏற்கின்றான். நீதிபதி, அரசு வழக்கறிஞர், அவனுடைய வழக்கறிஞர், மருத்துவ நிலையத்தார், நன்னடத்தை அலுவலர் ஆகியோர் எதிரெதிர் நில்லாது ஒரு குழுவாகக் கூடி அவன் நிலையை ஆராய்வர். தொடக்கத்தில் வாரந்தோறுமோ இரு வாரத்திற்கு ஒருமுறையோ அவன் நீதிபதி முன் நேரில் வந்து நிற்றல் வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சிறுநீர்ச் சோதனை நடைபெறும். ஒழுங்காக நடந்தால் பாராட்டும் தளர்வும் உண்டு. தவறினால் எச்சரிக்கை, கூடுதற் சோதனை, சில நாட் சிறை எனத் தண்டனை படிப்படியாக உயரும். இங்ஙனம் ஓராண்டோ அதற்கு மேலோ கழிந்து, அவன் தெளிந்து நின்றால், வழக்குத் தள்ளப்படும், அல்லது தண்டனை குறைக்கப்படும்.

இதில் குறையே இல்லையென்று யான் சொல்லேன். நெறியை நிறைவு செய்தோர் மீண்டும் குற்றம் புரிதல் குறைகின்றது என்று ஆய்வுகள் பல கூறுகின்றன. ஆயினும், எளிதில் திருந்தக்கூடியவரையே பொறுக்கிச் சேர்க்கின்றனர் என்பாரும், நடுவில் தோற்றவர் முன்பே சிறைக்குப் போயிருந்தால் கழிந்திருக்கும் காலத்தினும் நெடுங்காலம் துன்புறுகின்றனர் என்பாரும் உளர். அக்குற்றச்சாட்டுகள் புறக்கணிக்கத் தக்கன அல்ல.

இனி, நம் நாட்டின் நிலையை நோக்குவோம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின்படி ஏற்பட்ட தனி நீதிமன்றங்கள் உண்டு, மதுரையிலும் உண்டு. ஆனால் அவை பெருங்குற்றங்களை விசாரித்துத் தண்டிப்பதற்கே ஏற்பட்டன. மயாமி நகரத்ததைப் போல மருத்துவத்தைக் கண்காணிப்பன அல்ல. ஆயினும், அந்நெறிக்குரிய வித்து அச்சட்டத்தினுள்ளேயே இருக்கின்றது. நம்மிற் கற்றவர் பலரும் இதனை அறியார் என்பதனால் சற்று விரித்துக் கூறுவேன்.

அச்சட்டம் ‘சிறிய அளவு’, ‘வணிக அளவு’ என இரண்டு எல்லைகளைக் குறிக்கின்றது. கஞ்சாவாயின் 1 கிலோ வரையிலும், ஹெராயினாயின் 5 கிராம் வரையிலும் சிறிய அளவு. 20 கிலோ கஞ்சாவும் 250 கிராம் ஹெராயினும் வணிக அளவின் எல்லை. அதனைக் கடந்தோர்க்கு 10 ஆண்டிற்குக் குறையாத, 20 ஆண்டு வரை செல்லக்கூடிய கடுங்காவலும், இலட்சக்கணக்கில் அபராதமும் உண்டு. அவர்க்கு யான் சொல்லப்போகும் வழி இல்லை.

உட்கொண்ட குற்றத்திற்கோ சிறிய அளவு பற்றிய குற்றத்திற்கோ ஆளான அடிமைப்பட்டோர்க்கு மட்டும் இரண்டு வாயில்கள் திறந்துள்ளன. முதலாவது 64-ஏ பிரிவு. குற்றஞ்சாட்டப்பட்டவன் தானே விரும்பி முன்வந்து, அரசினரோ உள்ளாட்சி மன்றத்தாரோ நடத்தும், அல்லது அவர்தம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையத்தில் மருத்துவம் பெறுவானாயின், அவன்மீது வழக்குத் தொடரப்படாது. மருத்துவத்தை நடுவில் விட்டு ஓடினால் அவ்விலக்கு நீக்கப்படலாம்.

இரண்டாவது 39ஆம் பிரிவு. குற்றவாளியெனத் தீர்ப்பான பின்னரும், அவனுடைய வயது, ஒழுக்கம், முன்னைய நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைக் கருதி, நீதிமன்றம் உடனே சிறைக்கு அனுப்பாது, அவன் இசைவுடன் மருத்துவத்திற்கு அனுப்பலாம். அவன் பிணைமுறி எழுதிக் கொடுத்து, ஓராண்டிற்கு மேற்படாத காலத்துள் மருத்துவத்தின் பயனைப் பற்றிய அறிக்கையுடன் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அறிக்கை நன்றாயிருப்பின், அறிவுரை கூறி விடுவிக்கலாம்; அப்பொழுதும் மூன்றாண்டிற்கு மேற்படாத காலத்திற்கு இனி இக்குற்றம் புரியேன் என்று பிணைமுறி எழுதல் வேண்டும். இஃது அறக்கோட்டத்தின் வாயில் அன்றோ?

வாயில் உண்டு, நுழைவார் எத்தனை பேர்? பஞ்சாப் மாநிலத்தில் 2013 முதல் 2015 வரை நடந்த வழக்குகளை ஆராய்ந்து, விதி என்னும் சட்டக் கொள்கை ஆய்வு மையத்தார் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அக்காலத்தில் அங்குள்ள நீதிமன்றங்களின் வழியாக ஒருவர்கூட மருத்துவத்திற்கு அனுப்பப்படவில்லை என்பது அவர் கண்ட முடிபு. போதையினால் மிகவும் அல்லலுற்ற மாநிலம் அது. மற்றொரு புறம், 2001இல் கோகெய்ன் வழக்கிற் பிடிபட்ட திரைப்பட நடிகர் ஒருவர், மருத்துவம் பெற்றமையால், 2012இல் மும்பை நீதிமன்றத்தில் 64-ஏ பிரிவின் விலக்கினைப் பெற்றார். அவர் பெற்றது தவறன்று. அது சட்டம் தந்த உரிமை. ஆனால் நல்ல வழக்கறிஞரை அமர்த்த வல்லவர்க்குத் தெரிந்த வாயில், கூலியாளின் மகனுக்கும் சிறுகடைக்காரரின் மகனுக்கும் தெரியவில்லை என்பதே வருத்தத்திற்குரியது.

மருத்துவம் பெற்றால் உண்மையில் திருந்துவரோ என்று சிலர் கேட்பர். இது மனத்திண்மையின் குறைவு மட்டும் அன்று. மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடும் நோய் என்பது மருத்துவர் கண்ட உண்மை. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைகளை மனநோயின் இலக்கணத்துள் அடக்கியிருக்கின்றது. நீரிழிவு போல இது நெடுநாட் பேண வேண்டிய நோய்; இடையே மீண்டும் தலையெடுத்தலும் உண்டு. சர்க்கரை ஏறியவனை மருத்துவர் வைது துரத்துவதில்லை, மருந்தைத் திருத்துகின்றார். இங்கும் அதுவே முறை.

வள்ளுவனார் கள்ளுண்ணாமை அதிகாரத்தில், வெறியில் மூழ்கியவனுக்குக் காரணங்காட்டி அறிவுரை கூறல் பயனற்றது என்கின்றார். அவனே தெளிந்திருக்கும் பொழுதில் மற்றொருவனது வெறியைக் கண்டால் தன் நிலையை உணரானோ என்றும் கேட்கின்றார். ஆகவே, முதலில் வேண்டுவது தெளிந்த பொழுது. நீதிமன்றத்தின் ஆணையும் மருத்துவ நிலையமும் அவனுக்கு ஈட்டித் தருவது அத்தெளிந்த பொழுதினையே. மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றார். முதல் மூன்றையும் அரசும் மருத்துவமனையும் தரலாம். நான்காவதைத் தர வேண்டியவர் யார்? வீட்டாரும் சுற்றத்தாரும் ஆகிய நாமே.

நாமோ என்ன செய்கின்றோம்? அண்மையில் ஒரு தந்தையார் என்னிடம் வந்து, “பையனை மலேசியாவிலிருக்கும் மைத்துனரிடம் அனுப்பிவிடலாமென்று நினைக்கிறேன், அங்கே போனால் திருந்திவிடுவான்” என்றார். கொண்டுவிற்கக் கடல் கடந்த குலத்தார்க்கு இவ்வெண்ணம் இயல்பே. ஆனால் நோயைக் கப்பலேற்றினால் அது கடலில் விழுந்துவிடுமோ? அந்நாட்டுச் சட்டங்களும் மிகக் கடியன. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெராயினைக் கடத்துதல் மரண தண்டனைக்குரிய குற்றம். வேட்கை தீராத இளைஞனை அறியாத ஊருக்கு அனுப்புதல் அவனைக் காப்பதாகாது. இதனையே அவருக்கும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா?” என்று கேட்டார். அவரை வாட்டியது மகனது நோயினும் நம் நாவின் அச்சமே. அவ்வச்சத்தை நீக்க வல்லவரும் நாமே.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியினால் தம் கணவரை இழந்தபின், வீட்டுள் அடங்கி அழுதிருக்கவில்லை. 1980இல் கணவர் பெயராலேயே ஓர் ஆய்வு அறக்கட்டளையையும் மருத்துவமனையையும் நிறுவினார். தம் குடும்பத் துயரை ஊரறியச் சொன்னதனால் அவர் குடும்பத்தின் பெயர் கெடவில்லை. 1992இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

ஆதலின் இச்சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, 39ஆம் பிரிவின் முறி ஆள்பிணையுடனும் எழுதப்படலாம் என்று சட்டம் கூறுகின்றது. பிணையென்பது நமக்குப் புதிய சொல்லன்று. ஒருவர் சொல்லை நம்பிக் கடல் கடந்த நாட்டில் பணம் கொடுத்தும் வாங்கியும் வந்த மரபு நம்முடையது. பொருளுக்கு நின்ற பிணை, ஓர் இளைஞனது வாழ்வுக்கு நிற்கலாகாதோ? நம்மவர் பிள்ளைகளுக்கும், பிணைநிற்க ஆளற்ற பிற குலத்துப் பிள்ளைகளுக்கும், தக்கவர் என மருத்துவர் கூறுமிடத்து, சங்கப் பெரியோர் முன்வந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது, வழக்கறிஞராயுள்ள நம் உறுப்பினர் இவ்விரு பிரிவுகளையும் ஏழைகட்கு எடுத்துரைத்து, கட்டணமின்றி மனுச் செய்ய வேண்டும். காலந்தாழ்த்தின் வாயில் அடைபடக்கூடும்.

மூன்றாவது, அரசின் அங்கீகாரம் பெற்ற நிலையம் எது என்று தெளிந்த பின்னரே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். அங்கீகாரமற்ற இடத்தின் சான்று நீதிமன்றத்தில் செல்லாது. கட்டிவைத்தும் அடித்தும் திருத்துவோம் என்பாரும் உளர், எச்சரிக்கை. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மைய அரசினரின் ஆலோசனை கிடைக்கும்.

நான்காவது, மது இச்சட்டத்துள் அடங்காதாயினும், நோயென்ற வகையில் அதுவும் உடன்பிறப்பே. மைய அரசினர் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் மதுவுண்போர் ஏறத்தாழ 16 கோடியினர். பல்லாண்டு குடித்தவர் மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்துதலும் உயிருக்கு ஊறு செய்யலாம். அவரையும் மருத்துவரிடம் சேர்ப்பது நம் கடன்.

மயாமி நகரத்தாரது நீதிமன்றம் போன்றது நம் மாநிலத்திலும் தோன்ற வேண்டுமென்று அரசினரை வேண்டுதல் தகும். அது தோன்றுமளவும் காத்திருக்க வேண்டுவதில்லை. சட்டம் முன்னரே வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது. உடன் சென்று வாயிலிற் சேர்ப்பார் வேண்டும். அத்தொண்டினை இச்சங்கம் மேற்கொள்ளுமாக என்று வேண்டி அமைகின்றேன்.