பட்டினியை ஒளிக்க வேண்டாம்!

(விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



காவிரிக் கடைமடையில் சம்பா நடவு முடிந்து விட்டால் வேலை அருகிப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களையெடுப்பும் அரைகுறை. தை அறுப்பில்தான் மறுபடி கூலியைப் பார்க்கிறோம். இடைப்பட்ட நாட்களை நாம் எப்படித் தள்ளுகிறோம்?

முதலில் மளிகைக் கடையில் பற்று வைக்கிறோம். பற்று ஏறினால் கடைக்காரர் முகம் மாறுகிறது. பிறகு பிள்ளையின் கொலுசு அடகுக்குப் போகிறது. வாய்க்காலில் நண்டும் நத்தையும், வரப்பில் கீரையும் தேடுகிறோம். மூன்று வேளை இரண்டாகிறது. எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சிய நீராகாரத்தைக் குடித்துவிட்டு, "நான் சாப்பிட்டாச்சு" என்கிறாளே, அவள் யார்? நம் வீட்டுத் தாய்! சேற்றில் நாளெல்லாம் குனிந்து நட்டவளும் அவளேதான்.

இதைச் சிக்கனம் என்று புகழ்வோர் உண்டு. இது சிக்கனமல்ல, தோழர்களே! கூலிக் குறைவை நம் வயிற்றால் ஈடுகட்டுகிறோம்.

ரேஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை அற்பமென்று நாம் சொல்லவில்லை. 1997ல் மத்திய அரசு வறுமைக் கோடு போட்டு மக்களைப் பிரித்தபோதும் தமிழ்நாட்டில் கடை எல்லோருக்கும் பொதுவாக நின்றது. 2007ல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைத்தது. அரிசி உயிரைப் பிடித்து வைக்கும். ஆனால் முட்டையும் பாலும் காய்கறியும் எங்கிருந்து வரும்? கூலியிலிருந்துதானே வர வேண்டும்!

அந்தக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். நாம் மறக்க முடியுமா?

ஆலைத் தோழர்களே! இது கிராமத்தான் பாடு என்று இருந்துவிடாதீர்கள். வயலில் கூலி விழுந்தால், பசித்தவன் பாதிக் கூலிக்கு உங்கள் ஆலை வாசலில் வந்து நிற்பான். அவன் உங்கள் எதிரியல்ல, உங்கள் தம்பி.

ஆகவே நாம் செய்ய வேண்டியதென்ன? வீட்டுப் பட்டினியை மானக்கேடென்று மறைக்காமல் சங்கத்தில் சொல்லுவோம். ரேஷனில் எடை குறைந்தால் அங்கேயே கேட்போம். தீராவிட்டால் பத்துப் பேராகப் போய் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுப்போம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கேட்போம். வீட்டில் தாயையும் நம்மோடு பந்தியில் உட்கார வைப்போம்.

தனியே தாங்கினால் அது பட்டினி. கூடிக் கேட்டால் அது உரிமை!