வாக்குச் சீட்டும் அடையாளக் கார்டும்



வாக்குச் சாவடியில் நாம் முதலில் நீட்டுவது அடையாளக் கார்டு. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதான குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. அதற்கு 25 நாள் முன்னதாகவே மலாக்கா சட்டமன்றத் தேர்தல் முடிந்துவிட்டது. நம் புக்கிட் காத்தில் பிள்ளைகளில் 21 நிரம்பாதவர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

கவலை அதோடு தீர்ந்ததா? பெயர் எந்தத் தொகுதியில் ஏறும் என்பதைக் கார்டிலுள்ள முகவரியே தீர்மானிக்கிறது. தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிபோனவர்கள் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிவப்புக் கார்டு வேறு கதை. நிரந்தரவாசிக்கு வாக்குரிமை கிடையாது. ஆயுள் முழுதும் இங்கே பால் வெட்டிய பாட்டிமார் சிலரிடமும் அந்தக் கார்டுதான். இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளுக்கும் குடியுரிமைச் சிக்கல் வருகிறதே, எப்படி? 1982 மார்ச் 1 முதல் இந்துத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டு, தாய் குடிமகளாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாவிட்டால், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளையின் குடியுரிமை சிக்கலாகிவிடும். 12 வயதில் கார்டு எடுக்கப் போகும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. பிறகு பதிவதில் பயன் குறைவு. பிள்ளை பிறக்குமுன்பே திருமணத்தைப் பதிந்துவிடுங்கள்.