கோடு போட்டால் கூலி உயருமா?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும், மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது, அடங்குகிறது, மறுபடியும் கிளம்புகிறது. வட மாவட்டங்களைத் தனி ராஜ்யமாக்க வேண்டும் என்று டாக்டர் ராமதாஸ் பல முறை பேசியிருக்கிறார். 2021 ஜூலையில் எல். முருகன் டில்லியில் மந்திரியானபோது, அவரைப் பற்றிய சர்க்கார் குறிப்பில் 'கொங்கு நாடு' என்று போட்டிருந்தது. உடனே கோவை, சேலம் பகுதியைத் தனியாக வெட்டப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு அதுவும் அடங்கியது.

இதை நாம் ஆத்திரப்படாமல் பேச வேண்டும். ஏனென்றால் பிரித்தால் நல்லது என்று நினைப்பவர்களில் நம்முடைய தொழிலாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகள் பொய்யல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நம் மண்ணிலிருந்து போகிறது. நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாக நிற்கிறான். கலெக்டரைப் பார்க்க 60 கிலோ மீட்டர் தள்ளியுள்ள கடலூருக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு! கரும்பு வெட்டு முடிந்தால் ஊரில் வேலை இல்லை. பீங்கான் பட்டறையில் அச்சு வார்ப்பவனுக்கும் சூளை அடுக்குபவளுக்கும் ஆர்டர் இருக்கும் வரைதான் சோறு. இவையெல்லாம் மெய். ராஜ்யம் சிறிதானால் சர்க்கார் நம் வாசலுக்கு வந்துவிடும் என்று ஒரு ஏழை நினைத்தால் அவனைக் குற்றம் சொல்லலாமா?

ராஜ்யத்தைப் பிரிப்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பழைய சென்னை மாகாணத்தில் தமிழனும் ஆந்திரனும் மலையாளியும் கன்னடியனும் ஒரே தொழுவத்தில் கட்டப்பட்டிருந்தார்கள். கோர்ட்டில் நடப்பது குடியானவனுக்கு விளங்காது. தாலுகா ஆபீஸ் காகிதத்தைப் படிக்க ஆள் தேட வேண்டும். அதை உடைக்கத்தான் ஜனங்கள் போராடினார்கள். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ல் உண்ணாவிரதத்தில் உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1ல் ஆந்திரா பிறந்தது. 1954 ஆகஸ்ட் 11ல் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்ட தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டு பாய்ந்தது. 1956 நவம்பர் 1ல் மொழிவாரி ராஜ்யங்கள் வந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 13ல், தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 76 நாள் பட்டினி கிடந்து விருதுநகர் சங்கரலிங்கனார் மாண்டார். அந்தப் பெயர் சட்டப்படி வர 1969 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னே, 1961லேயே பார்லிமெண்டின் மேல்சபையில் அந்தப் பெயருக்காக மசோதா கொண்டுவந்தவர் பூபேஷ் குப்தா. அவர் ஒரு வங்காளி!

அந்தப் பிரிவினையில் கூலிக்காரனுக்கு ஒரு லாபம் இருந்தது: சர்க்கார் பேசும் பாஷை அவன் பாஷையாயிற்று. 1956 டிசம்பரில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. இப்போது வடக்கு, கொங்கு என்று கோடு போட்டால் அப்படி என்ன லாபம்? கள்ளக்குறிச்சியில் பேசும் தமிழ் ஆத்தூர்க்காரனுக்குப் புரியவில்லையா?

'வடக்கே பிரிக்கிறார்களே' என்பார்கள். வடக்கே சங்கதி வேறு. உத்தரப் பிரதேசத்துக்கு 80 எம்.பி.க்கள், 2011 கணக்குப்படி 20 கோடி ஜனங்கள். அதை மூன்றாக்கி மீரட், கான்பூர், அலகாபாத் என்று மூன்று தலைநகர் வைக்கலாம் என்று 1955லேயே டாக்டர் அம்பேத்கர் எழுதினார். ராஜ்யச் சீரமைப்புக் கமிஷன் அங்கத்தினர் கே.எம். பணிக்கரும் அதை உடைக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். 2011 நவம்பர் 21ல் மாயாவதி சர்க்கார் நான்காகப் பிரிக்கச் சட்டசபையில் தீர்மானம் போட்டது. டில்லியில் அது படுத்துவிட்டது. அம்பேத்கர் வேறொன்றையும் சுட்டிக் காட்டினார்: ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பெரிய ஜாதி நிலத்தைக் கையில் வைத்திருக்கிறது, சிறிய ஜாதிகள் அதை அண்டிப் பிழைக்கின்றன. ராஜ்யம் சிறிதாக இருந்தால் அந்தப் பாரம் குறையும் என்பது அவர் கணக்கு. பெரியவர் சொன்னதுதான், ஆனால் இங்கே அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவரவில்லை. ஏனென்றால் இங்கே எந்த ஜாதி எங்கே அதிகம் என்று பார்த்துத்தான் கோடே போடுகிறார்கள்! அப்படிப் போட்டால் காலனியில் இருப்பவனுக்கு எந்த ராஜ்யம்?

பிரிந்த ராஜ்யங்களைப் போய்ப் பார்ப்போம். 2000 நவம்பரில் சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஜார்க்கண்ட் மூன்றும் பிறந்தன. ஜார்க்கண்ட் ஆதிவாசிகள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற ராஜ்யம். அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நடந்தது என்ன? ஆதிவாசி நிலத்தைப் பிறர் பிடுங்காமல் காப்பது 1908ம் வருஷச் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! அதைத் தளர்த்த 2016ல் மசோதா நிறைவேற்றியது வேறு யாருமல்ல, ஜார்க்கண்ட் சட்டசபையே. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், 2017ல் கவர்னர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், சர்க்கார் பின்வாங்கியது. நிலத்தைக் காத்தது எல்லைக் கோடா, தெருவில் இறங்கிய ஜனங்களா?

அந்த ஜார்க்கண்ட் வாலிபன் இன்று எங்கே இருக்கிறான்? திருப்பூர் பனியன் கம்பெனியில் நிற்கிறான். நம்மூர்ப் பையனுக்குப் பக்கத்து மிஷினில்! தனி ராஜ்யம் கிடைத்தும் அவன் ரயிலேற வேண்டியிருக்கிறது. நாளைக்குக் கொங்கு தனி ராஜ்யமானால் விருத்தாசலத்துப் பையனும் அங்கே வெளி ராஜ்யத்தான். ஆந்திராவில் 2019லும் ஹரியானாவில் 2020லும் தொழிற்சாலை வேலையில் 75 சதவீதம் உள்ளூராருக்கே என்று சட்டம் போட்டார்கள். ஹரியானாச் சட்டத்தை ஐகோர்ட் 2023ல் ரத்து செய்தது. ஆனால் அந்த எண்ணம் ரத்தாகிவிட்டதா? இரண்டு தொழிலாளிகளை மோதவிட முதலாளிக்கு இதைவிடச் சுலபமான வழி வேண்டுமா?

தண்ணீரையும் பாருங்கள். நம் வெள்ளாற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வசிஷ்ட நதி சேலம் ஜில்லாவில் பிறக்கிறது. சேலம் கொங்கில் சேரும் என்கிறார்கள். மேட்டூர் அணையும் சேலம் ஜில்லாதான். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வயல்களுக்குக் கீழணை வழியாக வருவது அந்தத் தண்ணீர்தான். கர்நாடகத்தோடு காவேரி வழக்கு நடுவர் மன்றம் அமைந்த 1990லிருந்து இழுத்து, 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 177.25 டி.எம்.சி. என்று சொல்லி முடித்தது. அதை மறுபடி ஈரோட்டுக்கும் கடலூருக்கும் நடுவே ஆரம்பிக்க வேண்டுமா? 2023 நவம்பர் கடைசியில் நாகார்ஜுனசாகர் அணையில் ஆந்திரப் போலீசும் தெலங்கானாப் போலீசும் எதிரெதிரே நின்றதைப் பார்த்தோமே! (தெலங்கானா விஷயத்தில் இடதுசாரிகளே ஒரே பக்கம் நிற்கவில்லை. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பிரிவினையை ஆதரித்தது. மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. லேசான பிரச்னை என்று யாரும் எண்ண வேண்டாம்.)

கோடு போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அரசியல் சட்டத்தின் 3வது ஷரத்துப்படி பார்லிமெண்டுக்கு. ராஜ்யச் சட்டசபையின் கருத்தைக் கேட்பார்கள். கேட்டபடி நடக்க வேண்டும் என்பதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டசபை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. 2019ல் ஜம்மு காஷ்மீரில் சட்டசபையே இல்லாத நேரத்தில் ராஜ்யத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கினார்கள். இன்றைக்கு 39 எம்.பி.க்களோடு ஒரு தமிழ்நாடு போய்க் கேட்டே டில்லியில் காது கேட்கவில்லை. மூன்று துண்டாகிப் பதின்மூன்று பதின்மூன்றாகப் போய்க் கேட்டால்?

கூலி உயர்ந்தது எப்படி என்பதற்கு நம் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1952ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அப்போது ஆந்திராகூடப் பிரியவில்லை. பழைய பெரிய மாகாணம் அப்படியே இருந்தது. பண்ணையாட்கள் சங்கமாய்த் திரண்டதால் அந்தச் சட்டம் வந்தது.

ஆகவே சர்க்கார் பக்கத்தில் வர வேண்டும் என்ற ஆசையை நாம் தள்ளவில்லை. அதற்கு ராஜ்யத்தை வெட்ட வேண்டாம். 1993ல் தென்னாற்காடு ஜில்லா இரண்டாயிற்று. 2019ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. விருத்தாசலத்தைத் தலைநகராக வைத்து ஒரு ஜில்லா வேண்டும் என்று இந்த ஊர் நெடுநாளாய்க் கேட்கிறது. இது நியாயம், இதை நாம் கேட்போம். ஆனால் கலெக்டர் பங்களாவும் கோர்ட்டும் மட்டும் வந்தால் லாபம் வக்கீலுக்கும் மனை வியாபாரிக்கும்தான். நம்முடைய மனுவில் வேறு சில வரிகள் இருக்க வேண்டும். தொழிலாளர் அதிகாரி ஆபீஸ் இங்கேயே உட்கார வேண்டும். பட்டறைத் தூசியில் நெஞ்சு போனவனுக்குப் படம் பிடித்துப் பார்க்க இந்த ஊரிலேயே ஆஸ்பத்திரி வசதி வேண்டும். விவசாயக் கூலிக்குச் சட்டப்படியான தொகை கொடுக்கப்படுகிறதா என்று கிராமத்துக்கு வந்து பார்க்க இன்ஸ்பெக்டர் வேண்டும். தாலுகாக் கூட்டத்துக்கு முன் பட்டறைக்கு இருவர், கிராமத்துக்கு இருவர் என்று இந்த வரிகளோடு கையெழுத்து வாங்கத் தொடங்குவோம். பெண்கள் கையெழுத்து முதலில் விழட்டும். சூளை அடுக்குவதும் நாற்று நடுவதும் அவர்கள்தானே!