ஏழாண்டுப் பயிற்சி



புலமை பிறவியிலேயே வாய்ப்பது என்போர் உளர். அவர்கள் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்வை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பலவும் கற்றவர். எனினும் 1880இல், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணி ஏட்டை விரித்தபோது அக்கல்வி போதவில்லை.

ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே, ஓர் ஏட்டோடு மற்றோர் ஏட்டை வரிவரியாக ஒப்பிட்டார். நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயரின்றி வரும் மேற்கோள்களின் மூலங்களைத் தேடினார். சமண சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டறிந்தார். நூல் 1887இல் வெளிவந்தது.

ஏழாண்டு உழைப்பின் பயன் ஒரு நூல் மட்டுமன்று. பிழையையும் பாடத்தையும் பிரித்தறியும் கண் அவருக்கு அப்போதுதான் அமைந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. முதல் நூலில் பெற்ற பயிற்சியே அடுத்த நூல்களுக்கு முதலாயிற்று.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு பழைய நூலை எடுத்துக்கொண்டு, ஓராண்டு முழுவதும் உரையோடு பயிலுங்கள். பொருள் விளங்காத இடத்தைத் தாண்டிச் செல்லாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். புலமை வளரும் இடம் அதுவே.