உறைந்த ஏரியில் மரத்தின் பிரதிபிம்பம்

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குளிர்காலத்தில் காஷ்மீர் பார்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரை அங்கே 'சில்லை கலான்' என்பார்கள். அப்போது தால் ஏரியின் ஓரங்கள் உறையும். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் மைனஸ் 8 டிகிரிக்கும் கீழே போய், ஏரியின் பெரும் பரப்பு உறைந்தது.

இலை உதிர்ந்த சினார் மரங்கள் கரையில் நிற்கும். அவற்றின் பிம்பம் ஐஸில் விழும். அதை மட்டும் படமெடுத்தால் மரம் மரமாகத் தெரியாது. வெள்ளையும் சாம்பலுமாகச் சில கோடுகள், குறுக்கே ஐஸ் விரிசல்கள், அவ்வளவுதான். இதைத்தான் அரூபப் படம் என்கிறார்கள். "இது என்ன, சரியாக விழவில்லையே!" என்று வீட்டில் கேட்பார்கள். கவலைப்படாதீர்கள்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. தால் ஏரியைப் பார்த்தபடி நிற்பதே சங்கராசாரியார் குன்றுதான். பிம்பம், பிரதிபிம்பம், உபாதி என்று அத்வைதத்தில் விவரண மரபினர் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். தண்ணீர் அலைந்தால் அதில் தெரியும் சந்திரன் அலைகிறான். வானத்துச் சந்திரன் அலைவதில்லை. அசைவு உபாதியுடையது. ஐஸ் படத்தில் நாம் அந்த உபாதியையே விரும்பிப் படமெடுக்கிறோம். மரம் பிம்பம், அதை நீட்டி, உடைத்து, மங்கலாக்குவது ஐஸ்.

அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. லேசாகச் சொரசொரப்பான பரப்பைத் தாழ்ந்த கோணத்தில் பார்த்தால் பிம்பம் மேலும் கீழுமாகத்தான் அதிகம் நீளும். அதனால் நேராக நிற்கும் அடிமரம் தப்பிக்கும். கூரை, ஜன்னல் போன்ற படுக்கைக் கோடுகள் கரைந்துபோகும். உறைந்த ஏரியில் கட்டடத்தைவிட மரம் அழகாக விழுவதற்குக் காரணம் இதுதான். காலை வெயிலில் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் வரும்போது பிம்பம் இன்னும் தெளியும்.

இனி முக்கியமான விஷயம். நல்ல படம் வேண்டும் என்று ஐஸின் மேல் இறங்கி நடக்கிறார்கள். தயவுசெய்து இறங்காதீர்கள். தெளிவான புது ஐஸ் ஓர் ஆளைத் தாங்கவே குறைந்தது 4 அங்குல கனம் வேண்டும் என்பது குளிர்நாடுகளில் சொல்லும் கணக்கு. வெளுத்த ஐஸுக்குப் பலம் அதில் ஏறத்தாழப் பாதிதான். ஊற்று உள்ள இடத்தில் ஐஸ் மெலிந்திருக்கும்; மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இறங்க அவசியமும் இல்லை. ஐஸை நேர் மேலிருந்து பார்த்தால் விழும் வெளிச்சத்தில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும். பரப்பிலிருந்து 10 டிகிரி அளவுக்குத் தாழ்ந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வரும். ஆக, பிம்பம் நன்றாகத் தெரியும் இடம் கரைதான்! கரையில் குந்தி உட்கார்ந்து, கேமராவைத் தாழ்த்திப் பிடியுங்கள். முட்டி வலிக்கிறவர்கள் ஒரு ஸ்டூல் கொண்டுபோகலாம்.

மூன்று குறிப்புகள். முதலாவது, ஃபோகஸ். பிம்பம் ஐஸின் மேல் ஒட்டியிருப்பதில்லை. கேமராவிலிருந்து ஐஸ் வரை, அங்கிருந்து மரம் வரை, இரண்டு தூரமும் சேர்ந்ததுதான் அதன் தூரம். நீள லென்ஸில் விரிசலும் மரமும் ஒருசேரத் தெளிவாக விழுவது கஷ்டம். எது வேண்டும் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, வெளிச்சம். வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மொபைலில் திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றினால் போதும். மூன்றாவது, போலரைசர் ஃபில்டரை யோசித்துத் திருப்புங்கள். சில கோணங்களில் அது பிம்பத்தையே துடைத்துவிடும்.

காஷ்மீர் போக முடியாதவர்கள் ஏங்க வேண்டாம். உங்கள் ஊர் ஏரியிலோ குளத்திலோ விடியற்காலையில் இதே பயிற்சியைச் செய்யலாம். போகிறவர்கள் நல்ல படத்தோடு பத்திரமாகத் திரும்பி வாருங்கள்; அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பார்ப்போம்.