வித்து பனிக்கிடங்கில், பெயர் எங்கே?

(தமிழுழவர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

1967ஆம் ஆண்டு செப்தம்பர்த் திங்களில், இத்தாலியின் தலைநகராம் உரோமில் ஓர் அறிஞர் பேரவை கூடிற்று. ஒன்றிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும், அனைத்துநாட்டு உயிரியல் திட்டம் என்னும் அறிவியலார் கூட்டு முயற்சியும் இணைந்து கூட்டிய அவை அது. பயிர்களின் மரபுவளத்தைத் தேடுதல், காத்தல், பயன்கொள்ளுதல் ஆகிய மூன்றுமே அங்கு ஆராயப்பெற்ற பொருள்கள். அவ்வவை நடந்த செய்தியைத் தமிழ்நாட்டில் இன்றும் அறிந்தார் சிலரே. ஆயினும், தமிழன் உண்ணும் சோற்றைப் பற்றியும், அச்சோற்றுக்குரிய நெல்லைப் பற்றியும், அந்நெல்லைக் குறிக்கும் சொல்லைப் பற்றியும் பேசப் புகுவார் எவரும் அவ்வவையைக் கடந்து போதல் இயலாது.

அதன் வேர் உருசிய நாட்டில் உள்ளது. நிக்கோலாய் வாவிலோவ் என்னும் பேரறிஞர் பல பெருநிலங்களிலும் அலைந்து, பயிர்கள் தோன்றிய நடுவங்கள் எவையென 1926இல் வரையறுத்துக் காட்டினார். ஒரு பயிர் எங்கு மிகப்பல வகைகளாய்க் கிளைத்து நிற்கின்றதோ, அங்கேயே அதன் தாயகத்தைத் தேடல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. (கிளைவழக்குகள் மிகுந்த இடத்தில் மொழியின் தொட்டிலைத் தேடும் மொழிநூலார்க்கு இஃது எளிதில் விளங்கும்.) இலெனின்கிராடில் அவர் திரட்டிய வித்துத் தொகுதி இரண்டு நூறாயிரத்தை எட்டிற்று. அதற்கு அவர் பெற்ற பரிசு யாது? 1940 ஆகத்துத் திங்களில், வித்துத் தேடிச் சென்ற இடத்திலேயே தளையிடப்பட்டார். 1943 சனவரியில் சராத்தோவ் சிறையில் பசியால் நலிந்து மாண்டார். உலகின் பசி தீர்க்க வித்துத் தேடியவர் சோறின்றிச் செத்தார்!

அவர் சிறையிலிருந்த அதே வேளையில், செருமானியப் படை இலெனின்கிராடை வளைத்துக்கொண்டு 1941 முதல் 1944 வரை அந்நகரைப் பட்டினியில் வாட்டிற்று. அவர்தம் நிலையத்தில் பணியாற்றினோர் வித்துகளைக் காத்துக்கொண்டே ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். நெற்றொகுதியைக் காத்த திமித்திரி இவானோவ் என்பார், பல்லாயிரம் நெற்பொட்டலங்களின் நடுவே பட்டினியால் உயிர் நீத்தார். அப்பொட்டலங்களை அவர் பிரிக்கவில்லை.

இனி, உரோம் அவை ஏன் 1967இல் கூடவேண்டியதாயிற்று என்பதைக் காண்க. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில், பிலிப்பைன்சு நாட்டு இலாசு பனியோசில் உள்ள அனைத்துநாட்டு நெல்லாய்வு நிலையம் 'ஐ.ஆர். 8' என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. இராக்பெல்லர், போர்டு என்னும் இரு அமெரிக்க அறக்கட்டளைகள் 1960இல் நிறுவிய நிலையம் அது. தைவானின் குட்டை நெல்லொன்றையும், சாவகத்தில் உருவான 'பேட்டா' என்னும் உயர நெல்லையும் கூட்டிப் பெற்ற வகையே ஐ.ஆர். 8. பேட்டாவின் பெற்றோருள் ஒன்றும் வங்காள நெல்லே. வேதியுரத்தை மிகுத்து இட்டாலும் அது சாயாது, பகற்பொழுதின் நீட்சி குறுக்கம் பார்க்காது, விளைச்சலோ மிகுதி. அவ்விளைச்சலைப் பழித்தல் அறமன்று. 1960களின் நடுவில், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி இந்தியத் துறைமுகங்கள் காத்துக்கிடந்த இழிநிலையை மறந்தாரே அதனைப் பழிப்பர்.

ஆனால், அந்நெல் புகுந்த வயலிலிருந்து பழைய நெல் வெளியேறிற்று. வித்து என்பது கல்வெட்டன்று, பொறித்து வைத்து மறந்துவிடுவதற்கு. ஓராண்டு விதையாது விட்டால் முளைப்புக் குன்றும். சில ஆண்டு செல்லின், விதைக்கோட்டையில் இருப்பது விதையன்று, வெறும் கூலமே. ஓர் ஊரார் அனைவரும் ஒருசேரப் புதுநெல்லுக்கு மாறிய சில ஆண்டுகளில், அவ்வூரின் பழநெல் யாரும் கொல்லாமலே செத்துவிடும். கோதுமையில் மெக்சிக்கோக் குட்டை வகைகள் பரவிய நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. புதுவகையை ஆக்குவோர்க்கு மூலப்பொருள் பழவகையே என்பதால், தாம் ஏறிய ஏணியைத் தாமே எரிக்கும் நிலையை அறிஞர்கள் உணர்ந்தனர். 'மரபுவளம்' என்னும் சொல்லாட்சியே அவ்வவையின் வாயிலாகத்தான் உலகில் பரவிற்று.

எப்படிக் காப்பது என்னும் வினாவில்தான் அவை பிளவுற்றது. அவைக்கு முன்னின்றோர் இருவர். ஒருவர் ஆட்டோ பிராங்கெல். வியன்னாவிற் பிறந்து, நியூசிலாந்திலும் பின் ஆத்திரேலியாவிலும் பணியாற்றியவர். மற்றவர் எர்ணா பென்னட்டு அம்மையார், வட அயர்லாந்தினர். இருவரும் சேர்ந்தே அவ்வவையின் கட்டுரைகளை 1970இல் நூலாகப் பதிப்பித்தனர். எனினும் இருவர்தம் உள்ளமும் இருவேறு.

வித்தைத் திரட்டி, உலர்த்தி, குளிர்க்கிடங்கில் வைத்துக் காப்பதே செயலுக்கு ஒத்தது என்றார் பிராங்கெல். குறைந்த விளைச்சலே தரும் நெல்லை விதைத்துக்கொண்டே இருக்குமாறு எந்த உழவனைக் கட்டாயப்படுத்த முடியும்? அவன் பிள்ளைகளின் வயிற்றை உலகின் காட்சிச்சாலையாக்குவது முறையாகுமா? இஃது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. அம்மையார் விடை வேறு. வித்தை மட்டும் எடுத்துப் பனியில் வைத்தால், அது எடுத்த நாளிலேயே நின்றுவிடும். வயலிலோ அது ஆண்டுதோறும் பூச்சியோடும் நோயோடும் வறட்சியோடும் போராடி மாறிக்கொண்டே வரும். பூச்சி மாறுகின்றது, நோய் மாறுகின்றது, வித்து மட்டும் உறைந்து கிடப்பின் நாளை அஃது எதிர்கொள்ளப்போவது தான் அறியாத பகையை. ஆகவே விளைந்த மண்ணிலேயே, விளைவித்த மாந்தர் கையிலேயே காத்தல் வேண்டும் என்பது அவர்தம் வழக்கு.

ஒரே வகையை நம்பி வாழ்ந்த நாட்டின் கேட்டை அயர்லாந்து மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1845இல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோயால் அங்குப் பத்து நூறாயிரம் மக்கள் அளவில் மாண்டனர். உரோம் அவை முடிந்து மூன்றாண்டிலேயே அப்பாடம் அமெரிக்காவுக்கும் கிடைத்தது. 1970இல் இலைக்கருகல் நோய் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே ஏறி, நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கை அழித்தது. வித்துக் குழுமங்கள் விற்ற கலப்பு வித்துகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே தாய்வழியின. அத்தாய்வழியே நோய்க்கு வாயில் திறந்தது.

முடிவில் பிராங்கெல் கட்சியே வென்றது. 1974இல் பயிர் மரபுவளத்துக்கான அனைத்துநாட்டு வாரியம் அமைந்தது, குளிர்க்கிடங்குகள் பெருகின. அம்மையார் 1982இல் உணவு வேளாண்மை அமைப்பிலிருந்து விலகினார். வித்துத் துறையில் பெருவணிகக் குழுமங்களின் கை ஓங்குவதை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர்.

கிடங்கு வீண் என்று எவரும் சொல்லற்க. நெல்லையே எடுத்துக்கொள்க. 1970களில் புல்லாக்குட்டை என்னும் நச்சுயிரி நோய் ஆசிய வயல்களைச் சூறையாடியபோது, இலாசு பனியோசு நிலையத்தார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல்வகைகளைச் சோதித்தனர். எதிர்ப்பாற்றல் ஒன்றே ஒன்றில் இருந்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து திரட்டப்பெற்ற ஒரு காட்டு நெல் அது. அக்காட்டு நெல்லின் ஆற்றலைப் பெற்று 1976இல் வெளிவந்ததே ஐ.ஆர். 36. 1980களில் உலகில் ஒரு கோடியே பத்து நூறாயிரம் எக்டர் அளவில் அது விளைந்தது. அந்நெல்லின் குருதியில் ஆறு நாட்டு வகைகள் கலந்துள்ளன. அவற்றுள் இரண்டு பட்டாம்பியின.

பட்டாம்பி எங்குள்ளது? பழைய சேரநாட்டில், இன்றைய பாலக்காட்டு மாவட்டத்தில். 1927இல் அங்கு நெல்லாய்வு நிலையம் அமைந்த காலத்தில் அது சென்னை ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது. அம்மண்ணின் உழவர்கள் வழிவழி காத்த நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவையே 'பி.டி.பி. 18', 'பி.டி.பி. 21' என்பன. ஒடியா நாட்டுக் கட்டாக்கு நிலையத்தின் கலப்பு நெல் வழியாக அவை ஐ.ஆர். 36இல் சேர்ந்தன. உலக நூல்களில் காண்பவை அவ்வெழுத்தும் எண்ணுமே. உழவன் அந்நெல்லை எப்பெயரிட்டு அழைத்தான் என்பதை அந்நூல்களைப் புரட்டுவோருள் எத்துணைப் பேர் கேட்டிருப்பர்?

இதற்கும் முந்திய கதை கோவையுடையது. 1912இல் அங்கு நெல்லாய்வு நிலையம் தோன்றியது. 1921இல் அது வெளியிட்ட நெல்லொன்று 'சி.இ.பி. 24' எனப்பட்டது. அவ்வாங்கில எழுத்துகள் மூன்றும் எதைக் குறிப்பன என்று எண்ணுகின்றீர்கள்? மண்ணையா, மணியையா, மணத்தையா? அல்ல. அரசின் பொருளியற் பயிரறிஞர் என்னும் ஒரு வெள்ளை அலுவலரின் பணிப்பெயரை! ஒரு நாற்காலியின் பெயரை நெல்லுக்கு இட்டனர். தமிழ்நாட்டுச் சந்தையோ அப்பெயரைப் பொருட்படுத்தவில்லை. கிச்சிலிச் சம்பா என்றே அதனை வாங்கிற்று, விற்றது, உண்டது.

தமிழுழவன் இட்ட பெயர் அணிப்பெயரன்று, அது பயிர்நூல். மடுமுழுங்கி என்றால், ஆழநீர் தேங்கும் பள்ளத்திலும் விளையும் நெல். களர்ச்சம்பா என்றால், களர்நிலம் தாங்குவது. அறுபதாம் குறுவை என்றால், நாற்றுக்காரன் நாட்காட்டி பார்க்க வேண்டியதே இல்லை. மண், நீர், நாள் மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கி, எழுத்தறியாத பேரனுக்கும் கையளித்துவிடுகின்றது அப்பெயர். அந்நெல்லைத் திரட்டிச் சென்று கிடங்கில் அடுக்கி, பொட்டலத்தின் மேல் ஐந்திலக்க எண்ணை ஒட்டினால் எஞ்சுவது என்ன? மணி எஞ்சும், அதனோடு வந்த அறிவு அறுந்துபோம். இது கற்பனைக் குற்றச்சாட்டன்று. 1984இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, உலகின் வித்துக்கிடங்குகளில் அன்றிருந்த இருபது நூறாயிரம் பொட்டலங்களுள் நூற்றுக்கு 65க்கு, எங்கிருந்து வந்தது என்னும் அடிப்படைக் குறிப்புகூட இல்லை. களர் தாங்கும் நெல்லைத் தேடும் ஆய்வாளர், 'களர்' என்னும் சொல் அழியாதிருந்தால் ஒரு நாளில் காணக்கூடியதை, அஃதழிந்தமையால் ஆயிரம் பொட்டலம் விதைத்துப் பார்த்துக் காண்கின்றார்.

பெயர் போனால் உரிமையும் போம். 1983இல் உணவு வேளாண்மை அமைப்பு, பயிர் மரபுவளம் மாந்தவினத்தின் பொதுச்சொத்து என்றது. கேட்பதற்கு இனியதே, ஆயின், பொதுச்சொத்து எனப்பட்டது உழவன் வித்து. குழுமங்கள் அதனைக் கொண்டு ஆக்கிய புதுவித்தைத் தம் தனிச்சொத்தாக்க, 1961ஆம் ஆண்டின் உடன்படிக்கையே வழி வகுத்திருந்தது. 1989இல்தான் 'உழவர் உரிமை' என்னும் சொல் அவ்வமைப்பின் முடிவுகளில் ஏறிற்று. 2001இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த அனைத்துநாட்டு உடன்படிக்கை அவ்வுரிமையை ஏற்றாலும், அதனைச் செயற்படுத்தும் பொறுப்பை அந்தந்த நாட்டரசிடமே விட்டுவிட்டது. 1997இல் அமெரிக்கக் குழுமம் ஒன்று பாசுமதி நெல்லின் மீது காப்புரிமை பெற்றது. வழக்காடி அதன் பெரும்பகுதியை விலக்கச் செய்ததோடு, தலைப்பையும் மாற்றச் செய்ய முடிந்ததென்றால், அப்பெயர் வாழும் பெயராய் மக்கள் நாவில் இருந்தமை அதற்கு ஒரு கரணியமன்றோ? எண்ணாய்க் கிடந்த நெல்லுக்கு எவர் வழக்காடுவர்?

2008இல் நார்வேயின் வடகோடியில், சுவால்பார்டு தீவின் பனிமலையைக் குடைந்து உலக வித்துக் காப்பறை திறக்கப்பட்டது. இன்று 12 நூறாயிரத்துக்கு மேற்பட்ட வித்துப் பொதிகள் அங்குள்ளன. சிரியாவின் அலெப்போவை அடுத்திருந்த வறள்நில வேளாண்மை நிலையம் உள்நாட்டுப் போரில் கைவிடப்பட்டபோது, அந்நிலையத்தார் 2015இல் அவ்வறையிலிருந்து தம் வித்துகளை மீளப்பெற்று, இலெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினர். பிராங்கெல் கூற்றுக்கு இதனினும் வலிய சான்று வேண்டா. ஆனால், பெற்றவற்றை மண்ணில் இட்டே அவர்கள் பெருக்கவேண்டியிருந்தது என்பதையும் காண்க.

பென்னட்டு அம்மையார் 2012இல் மறைந்தார். அவர் உரோமில் வாதாடித் தோற்ற வழியைத் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஓர் உழவர் தம் போக்கில் செய்துகாட்டினார். நம்மாழ்வார் வழிநின்ற நெல் செயராமன் ஊரூராய்த் தேடி, ஏறத்தாழ 170 பழநெல் வகைகளை மீட்டார். 2006 முதல் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் விழா எடுத்தார். விழாவுக்கு வரும் உழவர்க்கு இரண்டு கிலோ விதைநெல் இலவயமாக வழங்கப்படும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். குளிரூட்டும் பொறி இல்லை. அமெரிக்க அறக்கட்டளை இல்லை. கிடங்கு உழவன் வயலே. 2018 திசம்பரில் அவர் மறைந்தபோது காட்டுயானமும் பூங்காரும் குழியடிச்சானும் மாப்பிள்ளைச் சம்பாவும் அப்பெயர்களிலேயே தமிழ்நாட்டு வயல்களில் மீண்டும் கதிர்விட்டிருந்தன.